ஆரம்பத்தில் கிடைத்த அமைதி எங்கே போனது?

கேள்வி: எட்டு மாதங்களாகத் தியானம் செய்கிறேன். முதல் சில வாரங்கள் ஆழ்ந்த அமைதி இருந்தது. ஒருநாள் கண்ணை மூடியபோது நீல ஒளிகூடத் தெரிந்தது. இப்போது எதுவும் இல்லை. உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. தூக்கம் வராத நாளில் பழைய நினைவுகள் வந்து வாட்டுகின்றன. வீட்டில் இருப்பவர்கள்மீது எரிச்சல் கூடியிருக்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் சாதனையில், அதாவது ஆன்மிகப் பயிற்சியில், இறங்கலாமா என்று தோன்றுகிறது. எங்கே தவறு செய்கிறேன்? முறையை மாற்ற வேண்டுமா?

பதில்:

முறையை மாற்ற வேண்டாம். வேலையையும் இப்போது விட வேண்டாம். மற்றவற்றுக்குள் போகும் முன் இந்த இரண்டையும் சொல்லிவிடுகிறேன். மனம் வறண்டு கிடக்கும் காலத்தில் எடுக்கும் பெரிய முடிவுகளில் தேடலைவிடச் சலிப்புதான் அதிகம் பேசும். நீங்கள் எழுதியிருப்பவற்றில் அமைதி மறைந்தது, ஒளி மறைந்தது, தூக்கம், பழைய நினைவுகள் ஆகிய நான்கும் இந்தப் பாதையில் கால் வைத்த பெரும்பாலோருக்கு வருபவை. வீட்டாரிடம் கூடியிருக்கும் எரிச்சல்தான் எனக்குக் கவலை தருகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தத் தொலைந்த அமைதி. நான் உட்காரத் தொடங்கி 26 ஆண்டுகள் ஆகின்றன. தொடங்கிய இரண்டாவது மாதத்தில் ஒரு விடியற்காலையில் உடல் இருப்பதே தெரியாத ஒரு நிறைவு வந்தது. அரை மணி நேரம் நீடித்திருக்கும். அடுத்த மூன்று ஆண்டுகள் நான் செய்ததைத் தியானம் என்று சொல்ல மாட்டேன். அந்த ஒரு விடியற்காலையைத் திரும்பப் பிடிப்பதற்காகவே உட்கார்ந்தேன். அதே நேரம், அதே விரிப்பு, அதே திசை. எதுவும் வரவில்லை. வராததற்குக் காரணம் மிக எளிமையானது. அன்றைக்கு நான் எதையும் எதிர்பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு ஒருநாள்கூட அப்படி உட்காரவில்லை.

ஆரம்ப வாரங்களின் அமைதிக்கு அதிசயமான விளக்கம் தேவையில்லை. நாளெல்லாம் ஓடிக்கொண்டிருந்த ஒருவர் முதன்முறையாக ஓரிடத்தில் அசையாமல் அமர்கிறார். மூச்சு நீள்கிறது, இதயத் துடிப்பு தணிகிறது, தசைகள் தளர்கின்றன. பயிற்சி புதிது என்பதால் கவனமும் தானாகவே கூர்மையாக இருக்கிறது. இத்தனையும் சேர்ந்த அமைதி உண்மையானதுதான், பொய்யில்லை. ஆனால் புதுமை தீர்ந்ததும் கவனம் தளர்கிறது. அதோடு, "இன்றைக்கு வருமா?" என்று எட்டிப் பார்க்கும் மனமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. எட்டிப் பார்ப்பதும் மனத்தின் அசைவுதானே. அசைந்துகொண்டே அசைவின்மையைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

வேதாந்த மரபு தியானத்துக்கு நான்கு தடைகளைச் சொல்கிறது: லயம், விட்சேபம், கஷாயம், ரசாஸ்வாதம். இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் இது. ரசாஸ்வாதம் என்றால் சுவையை ருசித்து அதிலேயே தங்கிவிடுவது. வழியில் கிடைத்த சிறு இன்பத்தையே ஊர் வந்து சேர்ந்ததாக எண்ணிப் பெட்டியை இறக்கிவிடுவதற்கு ஒப்பானது. இதை ஒரு தடையாகவே வகுத்து வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இன்பம் வந்தது குற்றமில்லை. அதைச் சொத்தாக்கிக்கொள்வதுதான் கால்கட்டு.

நீல ஒளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணை மூடிக் கவனம் ஒருமுகப்படும்போது ஒளிப் புள்ளிகள், நிறங்கள், ஓசைகள், உடல் பெருப்பது போன்ற உணர்வு, விரலிலோ தோளிலோ துடிப்பு எல்லாம் வரும். ஜென் மரபில் இவற்றை 'மாக்யோ' என்பார்கள். வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்பதுதான் அங்கே ஆசிரியர்கள் சொல்வது. யோக சூத்திரம் இயற்றிய பதஞ்சலி இன்னும் ஒருபடி மேலே போய், சித்திகள் எனப்படும் அதிசய ஆற்றல்களே சமாதிக்கு இடையூறு என்கிறார். சித்திகளுக்கே அந்த மதிப்புதான் என்றால் ஒரு நீலப் புள்ளிக்கு என்ன மதிப்பு கொடுக்கலாம் என்று நீங்களே முடிவு செய்யலாம். ஒன்றை மட்டும் செய்யுங்கள்: அதைப் பற்றி யாரிடமும் பேசாதீர்கள். பேசப் பேச அது வளரும். மூன்றாம் முறை சொல்லும்போது அந்த ஒளியைவிட அதைக் கண்ட 'நான்' பெரிதாகிவிட்டிருக்கும்.

அடுத்து தூக்கம். இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். ஏனென்றால் ஆரம்ப சாதகர்கள் மட்டுமல்ல, இருபது ஆண்டுகள் உட்கார்ந்தவர்களும் தங்களை அறியாமல் விழுந்து கிடக்கும் பள்ளம் இது. அசல் தூக்கம் வந்தால் பிரச்சினை இல்லை. தலை கவிழும், நமக்கே தெரிந்துவிடும். ஆபத்தானது, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே இருக்கும் ஒரு மந்தமான சுகம். எண்ணங்கள் இருக்காது. உடல் வலி தெரியாது. ஒரு மணி நேரம் பத்து நிமிடம்போல ஓடிவிடும். எழுந்ததும் "இன்று தியானம் ஆழமாக இருந்தது" என்று தோன்றும். இதுதான் லயம். மனம் ஒடுங்கியிருக்கிறது, ஆனால் விழிப்பு இல்லை.

ரமண மகரிஷி இதை விளக்க ஒரு கதை சொல்வார். கங்கைக் கரையில் தவம் செய்த ஒரு யோகி, தாகம் எடுத்துச் சீடனிடம் தண்ணீர் கேட்டார். சீடன் போய்க் கொண்டுவருவதற்குள் யோகி ஆழ்ந்த ஒடுக்கத்தில் அமர்ந்துவிட்டார். காலம் உருண்டது. சீடன் போனான், தலைமுறைகள் போயின. நெடுங்காலம் கழித்து யோகி கண் விழித்தார். விழித்ததும் வாயிலிருந்து வந்த முதல் சொல்: "தண்ணீர்!" அத்தனை காலம் ஒடுங்கிக் கிடந்த மனம், விட்ட இடத்திலிருந்தே மறுபடி தொடங்கியது. ஒரு சின்ன ஆசைகூடக் கரையவில்லை. மனம் அடங்குவது வேறு, அழிவது வேறு என்று ரமணர் திரும்பத் திரும்பச் சொன்னதன் சாரம் இந்தக் கதைக்குள் இருக்கிறது.

நீங்கள் இருப்பது லயத்திலா, அமைதியிலா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எழுந்த பிறகு பத்து நிமிடம் உங்களைக் கவனியுங்கள். கண் தெளிவாக, காது கூர்மையாக, எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்கும் பொறுமையோடு இருக்கிறீர்களா? நல்லது. மந்தமாக, யாராவது பேசினால் தொந்தரவாக, மறுபடி கண்ணை மூடிக்கொள்ள ஏங்குகிறீர்களா? அப்படியானால் உட்கார்ந்திருந்த நேரம் ஓய்வாகத்தான் போயிருக்கிறது. ஓய்வு கெட்டதல்ல. அதைத் தியானம் என்று எண்ணிக்கொண்டு ஆண்டுகளை ஓட்டுவதுதான் இழப்பு.

தூக்கத்துக்கு மருந்து என்ன? புத்தரின் முதன்மைச் சீடர்களில் ஒருவரான மொக்கல்லானரே தியானத்தில் தூங்கி விழுந்திருக்கிறார். அவருக்குப் புத்தர் சொன்ன உபாயங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை, அவ்வளவு நடைமுறையானவை. கற்றதை நினைத்துப் பார், ஓது, காது மடல்களை இழுத்துவிட்டுக் கை கால்களைத் தேய், எழுந்து கண்களை நீரால் கழுவி விண்மீன்களைப் பார், ஒளியை மனத்தில் நிறுத்து, முன்னும் பின்னும் நட. அப்படியும் தூக்கம் போகவில்லையா? வலப்பக்கமாகப் படுத்துத் தூங்கு, விழித்ததும் எழுந்துவிடு. கடைசி அறிவுரையை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். இரவில் ஐந்து மணி நேரமே தூங்கிவிட்டு விடியலில் உட்காரும் ஒருவரின் பிரச்சினை ஆன்மிகம் சார்ந்ததே அல்ல. முதலில் உங்கள் உறக்கத்தைக் கணக்குப் பாருங்கள். அது போதுமானதாக இருந்தால், கண்களைப் பாதி திறந்து, முதுகை நிமிர்த்தி, நேரத்தைக் குறைத்து உட்காருங்கள். ஒரு மணி நேர மந்தத்தைவிட இருபது நிமிட விழிப்பு மேல்.

தூக்கம் வராத நாளில் பழைய நினைவுகள் வருகின்றன என்கிறீர்கள். இதைப் பின்னடைவாக எண்ணாதீர்கள். பகலெல்லாம் வேலையும் பேச்சும் கைப்பேசியும் மூடிவைத்திருந்தவை, மூடி திறந்ததும் மேலே வருகின்றன. தியானம் அவற்றை உண்டாக்கவில்லை. வந்தவற்றை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். நேற்றைய சண்டை, நாளைய வேலை, பாதியில் விட்ட கடிதம் போன்றவை விட்சேபம், அதாவது வெறும் சிதறல். மூச்சுக்கோ மந்திரத்துக்கோ திரும்பி வந்தால் போதும், ஆயிரம் முறை ஆனாலும். அப்படித் திரும்பி வருவதுதான் பயிற்சி. சிதறியது தோல்வி என்று எண்ணியே பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். இன்னொரு வகை இருக்கிறது. மனம் ஓடாது, தூங்காது. ஆனால் கல்லைப்போல இறுகி நிற்கும். நெஞ்சில் ஒரு பாரம், காரணம் தெரியாத கோபம், திடீரென்று அழுகை. உள்ளே ஊறிப்போன ஆசை வெறுப்புகளின் சாயம் இது. கஷாயம் என்று பெயரிட்டது அதனால்தான். இதை மூச்சை வைத்து அழுத்தினால் இன்னும் இறுகும். பெயர் சொல்லி அடையாளம் காண வேண்டும்: இது துக்கம், இது அவமானம், இது அப்பாவிடம் சொல்லாமல் விட்ட வார்த்தை. அன்றைக்குத் தியானத்தை நிறுத்திவிட்டு ஒரு கடிதம் எழுதுவதோ, நம்பிக்கையானவரிடம் பேசுவதோகூடச் சாதனைதான்.

இங்கிருந்துதான் உங்கள் எரிச்சலுக்கு வழி பிரிகிறது.

தியானம் தொடங்கியவர் வீட்டில் எரிந்து விழுவதற்கு இரண்டு காரணங்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, உணர்வு கூர்மையடைவது. முன்பு காதில் விழாத பாத்திரச் சத்தம் இப்போது விழுகிறது. இது சில மாதங்களில் சமனாகிவிடும். மற்றது சிக்கலானது. "நான் உயர்ந்த ஒன்றைத் தேடுகிறேன், இவர்கள் இன்னும் சில்லறை விஷயங்களில் கிடக்கிறார்கள்" என்ற எண்ணம், வார்த்தையாகக்கூட ஆகாமல், அடியில் ஓடும். வீட்டார் பேசுவது இடையூறாகத் தெரியும். அவர்கள் கேட்கும் நியாயமான கேள்விகூட உலகப் பற்றாகத் தெரியும். அகந்தை பழைய உடையைக் கழற்றிவிட்டுக் காவி கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பதவியையும் படிப்பையும் வைத்து வளர்ந்த அகந்தையை அடுத்தவர் சுட்டிக்காட்டிவிடுவார்; ஆன்மிகத்தை வைத்து வளர்வதைச் சுட்டிக்காட்டினால் "உனக்குப் புரியாது" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அதனால்தான் இதைக் களைவது கடினம்.

இதோடு ஒட்டிய இன்னொன்றும் உண்டு. பேசித் தீர்க்க வேண்டிய மனக்கசப்பு, கட்ட வேண்டிய கடன், எடுக்கத் தயங்கும் முடிவு, ஆறாத துக்கம் இவற்றிலிருந்து தப்பிக்கத் தியானத்தை ஒரு மறைவிடமாக்கிக்கொள்வது. ஜான் வெல்வுட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1984-இல் இதற்கென்றே ஒரு பெயர் வைத்தார். ஆன்மிகத்தைக் காட்டி வாழ்க்கையைச் சுற்றிக் கடந்துபோவது என்று அதன் பொருளைச் சொல்லலாம். அவரே நீண்ட காலம் பௌத்த தியானம் பழகியவர், வெளியிலிருந்து குறை சொன்னவர் அல்ல. "எல்லாம் மாயை" என்பது ஞானிக்கு அனுபவம். வாடகை பாக்கி வைத்திருப்பவர் அதைச் சொன்னால் அது சாக்கு. உங்களைக் குற்றம் சாட்டவில்லை. ஆனால் தியானத்துக்கு உட்காரும் முன் ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள்: இப்போது நான் எதை நோக்கிப் போகிறேன், எதைவிட்டு ஓடுகிறேன்? சில நாள்களில் பதில் சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடம் உபயோகமானது.

வேலையை விடும் எண்ணத்துக்கும் இதையே பொருத்திப் பார்க்கலாம். நம் பெரியவர்கள் மயான வைராக்கியம், பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம் என்று சொல்லிவைத்தார்கள். சுடுகாட்டில் நிற்கும்போதும், பிரசவ வலியின்போதும், கதை கேட்கும்போதும் வரும் துறவு மனநிலை வீடு திரும்பும் வரைகூட நிற்பதில்லை. வறட்சியில் வரும் வைராக்கியத்தையும் இந்த வரிசையில் சேர்க்கலாம் என்பது என் கருத்து. 1896-இல் பதினாறு வயதில் வீட்டைவிட்டுப் போன ரமணரைப் பலரும் முன்மாதிரியாகக் காட்டுவார்கள். அதே ரமணர், இல்லறத்தை விட்டுவிடட்டுமா என்று கேட்டு வந்தவர்களை இருந்த இடத்திலேயே இருந்து சாதனை செய்யச் சொன்னதைச் சேர்த்துச் சொல்வதில்லை. அவர் யாரிடமும் அனுமதி கேட்டுவிட்டுப் போகவில்லை. நீங்கள் கேட்கிறீர்கள். அந்த வேறுபாடு சிறியதல்ல.

இனிச் சொல்லப்போவதை மிகுந்த கவனத்தோடு படியுங்கள். உங்களுக்கு இது இப்போது பொருந்தாவிட்டாலும் நாளை பொருந்தலாம், அல்லது உங்களுக்குத் தெரிந்த இன்னொருவருக்குப் பொருந்தலாம். தியானம் எல்லோருக்கும் எப்போதும் நன்மையே செய்யும் என்பது உண்மையல்ல. பதினெட்டாம் நூற்றாண்டு ஜப்பானின் பெரும் ஜென் ஆசிரியர் ஹாகுயின் தம் இளமையில் கடுமையாகச் சாதனை செய்து நோயில் விழுந்தார். தலையில் சூடேறியது, கால்கள் பனிக்கட்டியாகக் குளிர்ந்தன, காதில் இரைச்சல், மனத்தில் அச்சம். ஒரு துறவி கற்றுக்கொடுத்தபடி கவனத்தை வயிற்றுக்கும் பாதங்களுக்கும் இறக்கும் பயிற்சியால்தான் தேறினார். நம் காலத்திலும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. 83 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, தியானம் செய்தவர்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்குப் பாதகமான விளைவுகள் ஏற்பட்டதாகக் கண்டது. பதற்றமும் மனச்சோர்வும்தான் அவற்றில் அதிகம்.

ஆகவே சில அறிகுறிகளை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொடர்ந்து பல இரவுகள் தூக்கம் வராமலேயே உற்சாகம் பொங்குவது. தானோ உலகமோ நிஜமில்லை என்ற உணர்வு எழுந்த பிறகும் நீங்காமல் அச்சுறுத்துவது. யாரோ கட்டளையிடுவது போன்ற குரல். தனக்குத் தனிப் பணி ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்ற உறுதி. உயிரை விடும் எண்ணம். இவற்றில் ஒன்று வந்தாலும் தியானத்தை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். "குண்டலினி எழுகிறது, அப்படித்தான் இருக்கும், தொடர்ந்து செய்" என்று சொல்பவரைத் தயவுசெய்து நம்பாதீர்கள். மனநோய்க்கு ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவர்கள் தியானத்தை நம்பி மருந்தை நிறுத்தவே கூடாது. நாளுக்குப் பத்து மணி நேரம் உட்காரவைக்கும் நீண்ட மௌன முகாம்களுக்குப் போகும் முன், குடும்பத்திலோ தமக்கோ மனநோய் வரலாறு இருந்தால் மருத்துவரிடம் கேட்பது அவசியம். மூச்சை வலிந்து அடக்கும் கும்பகப் பயிற்சிகளைப் புத்தகத்தையும் காணொளியையும் பார்த்துச் செய்யாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

குருவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வறட்சிக் காலத்தில் மனம் அடுத்ததாகத் தேடுவது அதைத்தான். நல்ல வழிகாட்டி கிடைத்தால் பெரும் பேறு. குருடும் குருடும் சேர்ந்து ஆடிக் குழியில் விழுவதைத் திருமூலர் பாடி நூற்றாண்டுகள் ஆகியும் ஆட்டம் நிற்கவில்லை. நான் பார்ப்பது சிலவற்றைத்தான். கேள்வி கேட்டால் அவர் முகம் எப்படி மாறுகிறது? அவருடன் பத்து ஆண்டுகள் இருந்தவர்கள் சுயமாகச் சிந்திக்கிறார்களா, அவர் குரலிலேயே பேசுகிறார்களா? விலகிப் போனவர்களைப் பற்றி அங்கே என்ன பேசுகிறார்கள்? பணமும் ரகசியமும் குடும்பத்தைவிட்டு விலகும்படியான அறிவுரையும் ஒன்றாக வந்தால், அங்கே எவ்வளவு அமைதி கிடைத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

முறையை ஏன் மாற்றக் கூடாது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் தவம் செய்த கிறிஸ்தவத் துறவியரை ஒரு சோர்வு பிடித்தது. அதை 'நடுப்பகல் பேய்' என்றார்கள். சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும். துறவி அடிக்கடி சன்னல் பக்கம் எட்டிப் பார்ப்பார். இந்த இடம் சரியில்லை, வேறிடம் போனால் இறைவனை எளிதாக அடையலாம் என்று மனம் ஓதும். படிக்கும்போது ஆச்சரியமாக இருந்தது. பாலைவனம் வேறு, மதம் வேறு, அதே மனம். இன்று வேறிடம் போகக்கூட வேண்டியதில்லை, விரலை நகர்த்தினால் அடுத்த முறை, அடுத்த ஆசிரியர். மூன்று மாதம் மந்திரம், இரண்டு மாதம் மூச்சு, ஒரு மாதம் சக்கரம் என்று அலைபவருக்கு எல்லாவற்றின் முதல் வாரமும் தெரியும். எதன் இரண்டாம் ஆண்டும் தெரியாது. நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்தால்தான் பயிற்சி வேர் பிடிக்கும் என்கிறார் பதஞ்சலி. மூன்றாவது நிபந்தனையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்வது மதிப்போடு செய்வதாகாது.

சோணர் என்ற பிக்கு கால்களில் இரத்தம் வரும்வரை நடைத்தியானம் செய்து, பலனில்லை என்று துறவையே விட நினைத்தார். முன்பு அவர் வீணை வாசித்தவர். புத்தர் அவரிடம் கேட்டது அதைத்தான்: நரம்பை அதிகம் முறுக்கினால் இசை வருமா, தளர்த்தினால் வருமா? உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது நரம்பு அதிகம் முறுக்கேறியிருப்பதாகவே எனக்குப் படுகிறது.

நாளையிலிருந்து மூன்று மாதத்துக்கு இப்படிச் செய்து பாருங்கள். இப்போது செய்யும் அதே முறை. காலையில் நன்றாகத் தூங்கி எழுந்து இருபது நிமிடம் மட்டும். எப்படி இருந்தது என்று எழுதிவைக்க வேண்டாம், மதிப்பெண் போட வேண்டாம். மணி அடித்ததும், நன்றாகப் போனாலும் எழுந்துவிடுங்கள். எழுந்தவுடன் கைப்பேசியை எடுக்காமல், வீட்டில் யார் முதலில் கண்ணில் படுகிறார்களோ அவர்கள் சொல்வதை முழுவதும் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து, உங்களிடம் ஏதாவது மாறியிருக்கிறதா என்று அவர்களைக் கேளுங்கள். அந்தப் பதிலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்; வேலையைப் பற்றி அப்போது பேசுவோம்.